கருவிலே வந்த நோயா?

கருவிலே திருவுடையார் என்று புலவரைப் போற்றுவது தமிழ் மரபு. கவித்திறம் கற்று வருவதன்று, தாய் வயிற்றிலேயே கூடி வருவது என்ற நம்பிக்கை அத்தொடரில் உறைந்திருக்கிறது. பாராட்டுக்குப் பயன்பட்ட அதே நம்பிக்கை பழிக்கும் பயன்பட்டது. திரு கருவிலே வருமானால் நோயும் கருவிலே வரவேண்டுமல்லவா? ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொழுநோய் கண்டால் அந்த வீட்டில் பெண் எடுப்பதும் நின்றது, பெண் கொடுப்பதும் நின்றது. நோய் கண்டவரை மட்டுமன்றி, இன்னும் பிறவாத பிள்ளையையும் சேர்த்தே ஊர் விலக்கி வைத்தது. அந்த விலக்கு சரியா என்னும் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய நெடிய வரலாற்றில் செங்கல்பட்டுக்கு ஒரு தனியிடம் உண்டு. அவ்வரலாறு இலக்கிய அன்பர்களிடையே போதிய அளவு பேசப்படவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லும் வழி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அதன் ஒரு முனையில், நகரை ஒட்டிய திருமணி என்னும் ஊரில், மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நடுவில் மாணிக்கவாசகர் பதிகம் பாடிய கழுக்குன்றம். மறுமுனையில் பல்லவர் குடைந்த கல்லும் மீனவர் குப்பங்களும். கருவையும் நோயையும் பற்றித் தமிழர் எண்ணியவை இந்த வழி நெடுகச் சிதறிக் கிடக்கின்றன எனலாம்.

மாணிக்கவாசகரிடமிருந்தே தொடங்கலாம். திருவாசகத்தின் போற்றித் திருவகவல், கருவில் உயிர் கடக்கும் இடர்களைத் திங்கள் திங்களாக எண்ணிச் செல்கிறது. முதல் திங்களில் தான்றிக்காய் அளவான கரு இரண்டாகப் பிளவுபடும் இடரினின்று தப்புகிறது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். நான்காம் திங்களில் இருள். பத்தாம் திங்களில் தாயும் சேயும் சேர்ந்து படும் துன்பக் கடல். பிறந்த பின்னும் பட்டியல் நிற்பதில்லை. பசி, உறக்கம், செல்வம், கல்வி என்று தொடர்கிறது. இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கருப்பை அங்கே ஆபத்தான இடமாகக் காட்டப்படுகிறதே தவிர, பெற்றோரின் குருதிக் குற்றம் பிள்ளைக்கு இறங்கும் இடமாகக் காட்டப்படவில்லை. தப்பிப் பிழைத்தலே அங்குப் பேசப்படும் செய்தி.

வடமொழி மருத்துவ நூல் வேறு விதமாகப் பேசிற்று. சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி, தாய் தந்தையரின் குருதியும் விந்தும் குட்டநோயால் கெட்டிருந்தால் பிறக்கும் மகவும் குட்ட முடையதாகும் என்கிறது. அதே இயலில், உடல் தீண்டுதல், மூச்சுக் காற்று, உடனுண்ணல், ஒரே படுக்கை, பிறர் உடுத்த ஆடை, சூடிய மாலை ஆகியவற்றால் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பற்றும் என்றும் சொல்கிறது. பிற்காலத்தார் இவ்விரண்டையும் எதிரெதிர்க் கொள்கைகளாக வைத்துச் சண்டையிட்டனர். பழைய நூலாசிரியருக்கு அவற்றை ஒருசேரச் சொல்வதில் தயக்கமே இருக்கவில்லை. மனு நூலோ திருமணத்துக்கு விலக்க வேண்டிய குடும்பங்களின் பட்டியலில் குட்டநோய்க் குடும்பத்தையும் சேர்த்துவிட்டது. மருத்துவ நூலின் ஊகம் சட்ட நூலில் விதியாக இறுகிய இடம் அது.

தமிழ்ப் பக்தி மரபில் எதிர்க்குரலும் எழுந்தது. மகேந்திரவர்மன் காலத்தவரான அப்பர், உறுப்பெல்லாம் குறைந்து அழுகும் தொழுநோயராக இருப்பினும் அவர் சிவனுக்கு அன்பராயின் தாம் வணங்கும் கடவுள் அவரே என்று திருத்தாண்டகம் ஒன்றில் பாடினார். தொழுநோய் என்ற சொல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதற்கும் அதுவே சான்று. உமாபதி சிவாசாரியாரின் கோயிற் புராணம் சொல்லும் சிங்கவர்மன் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. உடல் நோயால் அரசுரிமையைத் தம்பியருக்கு விட்டு நீங்கிய அவ்வரசிளங்குமரன், தில்லைக் குளத்தில் மூழ்கிப் பொன்னிறம் பெற்று இரணியவர்மன் ஆனான் என்பது கதை. சிங்கவர்மன், இரணியவர்மன் ஆகிய பெயர்கள் பல்லவர் மரபிலும் வருவதால் சிலர் அவனைப் பல்லவனாகவே கருதுவர். வரலாற்றுக்கு அது போதுமான சான்றன்று. ஆயினும் நோயுற்றவன் அரியணைக்கு உரியவன் அல்லன் என்ற வழக்கைக் கதை மறைக்கவில்லை. குளத்தில் மூழ்கிப் பொன்னாகும் வரை அவனுக்கும் நாடு இல்லை.

இனி ஐரோப்பா. நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து மருத்துவர் டேனியல்சனும் அவருடைய தோழர் போக்கும் 1847-ல் வெளியிட்ட பெருநூல், தொழுநோய் பரம்பரை நோயே என்று நிறுவியது. அந்நாளில் அதற்கு மேல் பேச்சில்லை. இலண்டன் மருத்துவர் கழகம் பேரரசின் குடியேற்ற நாடுகளிலிருந்தெல்லாம் செய்தி திரட்டி 1867-ல் வெளியிட்ட அறிக்கையும் நோய் தொற்றாது என்ற பக்கமே சாய்ந்தது. டேனியல்சனிடம் பணியாற்றிய இளைஞர் ஹான்சன், நோயாளரின் முடிச்சுகளில் கோல் வடிவ நுண்ணுயிரை 1873-ல் கண்டார். அதே ஆண்டில்தான் அவர் டேனியல்சனின் மகளை மணந்திருந்தார். மாமனாரின் வாழ்நாள் முடிவை மருமகன் மறுத்த கதை இது. நுண்ணோக்கியோடு அவர் நிற்கவுமில்லை. 1880களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, அங்குக் குடியேறிய நார்வே நோயாளரின் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் தேடிப் பார்த்தார். அவர்களுள் எவருக்கும் நோய் இல்லை. விதையில் இருந்திருந்தால் கடல் தாண்டியும் அது முளைத்திருக்க வேண்டும்.

ஹவாய்த் தீவில் நோயாளரிடையே வாழ்ந்த தமியன் அடிகள் அதே நோயால் 1889-ல் மறைந்தபோது ஐரோப்பா அச்சத்தில் ஆழ்ந்தது. அதன் விளைவாக அமைந்த ஆணைக்குழு ஒன்று 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவைச் சுற்றிவந்தது. அது கண்ட முடிவுகளுள் ஒன்று, நோய் பரம்பரையாக இறங்குவதில்லை என்பது. தொற்றும் அளவும் மிகச் சிறிதே என்றும் அது சொன்னது. ஆனால் அரசு எடுத்த வழி வேறு. 1898-ல் பிறந்த தொழுநோயாளர் சட்டம், வறிய நோயாளரைப் பிடித்து விடுதிகளில் அடைக்க அதிகாரம் தந்தது. பல விடுதிகளில் ஆண்களும் பெண்களும் பிரித்தே வைக்கப்பட்டனர். பிறந்துவிட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து எடுக்கப்பட்டு, நோய்க்கறை படாதோர் இல்லம் என்ற பொருள்படும் தனி விடுதிகளில் வளர்க்கப்பட்டனர். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே வளர்ந்தனர். நோய் கருவில் வரவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேறு தேவைப்படவில்லை. சான்றுக்குக் கொடுத்த விலை, தாய் மடி.

மாமல்லபுரக் கரையைத் தொடும் கொள்கை ஒன்றும் அந்நாளில் உலவியது. ஆங்கில அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், கெட்ட மீனை உண்பதாலேயே தொழுநோய் வருகிறது என்று உறுதியாக நம்பினார். இந்தியாவையும் சுற்றிப் பார்த்துவிட்டு 1906-ல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் சொன்னது மெய்யானால் கோவளம் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்கள் நோயால் நிறைந்திருக்க வேண்டும். மீன் வாடையே அறியாத உள்நாட்டுச் சைவக் குடும்பங்கள் தப்பியிருக்க வேண்டும். அப்படி நிகழவில்லை. கொள்கை அவரோடு மறைந்தது. ஆனால் மீனையும் பாலையும் சேர்த்துண்டால் உடம்பில் வெள்ளை விழும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. அந்த வெள்ளை தொழுநோயே அன்று. தோலின் நிறமிகள் அழிவதால் வருவது அது. உணர்ச்சி குன்றாது, தொற்றாது. வெண்குட்டம் என்று பெயரிட்டு அதையும் குட்டத்தோடு சேர்த்த மொழியின் பிழையால் எத்தனையோ பெண்கள் மணமாகாது நின்றனர்.

திருமணியில் மருத்துவ இல்லம் எழுந்தது 1924-ல். சென்னை ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் என்று அது அழைக்கப்பட்டது. 1935-ல் அங்கு வந்த ராபர்ட் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து மரபினர், சீனத்தில் பிறந்த பாதிரி மருத்துவரின் மகன். நீரடிமுத்து எண்ணெயை ஊசியால் ஏற்றுவதே அந்நாளைய மருத்துவம். நம் நாட்டு மருத்துவரும் நெடுங்காலமாக அறிந்திருந்த அவ்விதையின் எண்ணெய், வலி மிகுந்த ஊசியாகப் பல்லாண்டுகள் நோயாளர் உடலில் இறங்கியது, பயன் சிறிதே. 1940களின் பிற்பகுதியில் சல்போன் மருந்துகள் வந்த பின்னரே மெய்யான மருத்துவம் தொடங்கிற்று. வேலூரிலிருந்து 1947-ல் இங்கு வந்த பால் பிராண்டு, நோயாளர் ஒருவரின் மடங்கிய கை தம் கையை இரும்புப் பிடியாகப் பற்றியதைக் கண்டு திகைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. தசைகள் செத்துவிடவில்லை, நரம்புகளே செயலிழந்தன என்ற தெளிவிலிருந்து கைச் சீரமைப்பு அறுவை முறை பிறந்தது. விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை. வலி தெரியாத விரல் அடுப்பிலும் கதவிடுக்கிலும் அகப்பட்டுத் தேய்கிறது.

காக்ரேன் குழந்தைகளின் நோயில் தனிக் கவனம் செலுத்தியவர். சைதாப்பேட்டையில் இயங்கிய வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவகம் அந்தக் கவலையின் வடிவம். இந்த நோய் ஏன் பரம்பரைபோல் தோன்றுகிறது என்பதற்கு விடை அங்கேதான் கிடைத்தது. நுண்ணுயிர் இரண்டாகப் பெருகவே இரு வாரம் அளவாகும். உடலில் புகுந்த நாளுக்கும் முதல் தேமல் தோன்றும் நாளுக்கும் இடையே ஐந்தாண்டு சாதாரணம், இருபதாண்டும் கடக்கும். தாயின் மூச்சுக் காற்றில் இரண்டு வயதில் வாங்கியதைப் பிள்ளை இருபது வயதில் வெளிக்காட்டும். அப்போது தாய் இறந்தும் போயிருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது குடிவழியாக இறங்கிய நோயாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? வீட்டின் காற்றைக் குருதி என்று ஊர் மயங்கியதில் வியப்பில்லை.

அந்த மயக்கத்தைக் கலையும் வளர்த்தது. எம். ஆர். ராதாவின் இரத்தக் கண்ணீர் நாடகமாக ஊர் ஊராகச் சென்று, 1954-ல் திரைப்படமானது. அதன் பகடி கூர்மையானது, நடிப்பு நிகரற்றது. ஆயினும் தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் கூலியாக அது நிலைநிறுத்தியதும் உண்மை. புதுக்கவிஞரும் இதில் குற்றமற்றவர் அல்லர். சாதியையும் ஊழலையும் சாடப் புகுந்த எத்தனை கவிதைகளில் குஷ்டம் என்ற உவமை எளிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது! சாடப்படுபவர் அக்கவிதையைப் படிப்பதில்லை. திருமணியில் மருந்துக்கு வரிசையில் நிற்பவரின் பள்ளி செல்லும் மகள் படிக்கிறாள்.

1955-ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் தொழுநோய் வரலாற்றில் மறக்க முடியாதது. அவ்வாண்டில் நடுவணரசு லேடி வில்லிங்டன் இல்லத்தையும் சைதாப்பேட்டை மருத்துவகத்தையும் ஏற்று மத்திய ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. தர்மேந்திரா அதன் முதல் இயக்குநர். அதே ஆண்டில் மதுராந்தகம் வட்டத்துப் போலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ், கிளேர் வெல்லூ அம்மையாரோடு மரத்தடி மருத்துவத்தைத் தொடங்கினார். நோயாளரை விடுதிக்கு அழைக்காமல், சாலையோரப் புளிய மரத்தடிக்கும் ஆலமரத்தடிக்கும் மருந்து சென்றது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் தேவை அதனால் குறைந்தது. மருந்துண்ட தாயிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும் என்னும்போது தொட்டிலை ஏன் அப்புறப்படுத்த வேண்டும்? வெல்லூ அம்மையார் பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்று, 2013-ல் மறையும் வரை இந்நோயாளர்க்கே உழைத்தார். 1955-ல் மூன்றாவதாக நிகழ்ந்த ஒன்று தில்லியில். அது பின்னர்.

தாய்க்கும் கருவுக்கும் இந்நோய் செய்வது என்ன என்பதை நேரடியாக ஆராய்ந்தவர் எலிசபெத் டங்கன் என்னும் மகப்பேற்று மருத்துவர். 1970களில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நோயுற்ற தாய்மாரைத் தொடர்ந்து கவனித்தார். நோய் முற்றிய தாய்மாரின் நச்சுக்கொடி சிறியதாக இருந்தது. குழந்தைகள் எடை குறைந்து பிறந்து மெல்ல வளர்ந்தன. கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றை அடுத்தும் தாயின் நோயெதிர்ப்பு நிலை மாறுவதால் அடங்கியிருந்த நோய் கிளர்ந்தெழுந்து நரம்புகளைத் தாக்குவதையும் அவர் கண்டார். ஆக, கருவுக்கும் இந்நோய்க்கும் உறவே இல்லை என்று சொல்வதும் சரியன்று. உறவு இருக்கிறது, அது தாயின் உடல் நலிவு வழியாக வரும் உறவு. உரிய மருந்து கிடைத்தால் அது பெரிதும் நீங்கும். இன்றைய கூட்டு மருந்தைக் கருவுற்ற பெண்களும் உண்ணலாம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். அக்கூட்டில் க்ளோஃபசிமின் என்ற மருந்து தோலைக் கருஞ்சிவப்பாக்கும். அது நச்சுக்கொடியைக் கடப்பதால் சில குழந்தைகள் கருமை படர்ந்து பிறக்கும். மாதங்களில் நிறம் தெளியும். இதை முன்னரே சொல்லாவிட்டால், தன் நோய் பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று ஒரு தாய் நொறுங்கிப் போவாள்.

கருவை மெய்யாகவே சிதைத்தது வேறொன்று. மேற்கு செருமனியில் 1957-ல் தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களின் வாந்திக்கும் உகந்ததென்று பல நாடுகளில் கொடுத்தனர். 1961-ல் செருமனியில் லென்சும் ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடும் உண்மையை வெளிப்படுத்திய போது, கைகால் குறுகியும் இன்றியும் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்தைக் கடந்திருந்தனர். கருத்தரித்து ஏறத்தாழ இருபதாம் நாள் முதல் முப்பத்தாறாம் நாள் வரை உள்ள இடைவெளியே தீங்கின் காலம். கை முளையும் கால் முளையும் அரும்பும் நாட்கள் அவை. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அறியாத நாட்களும் அவைதாம். திங்கள் கணக்கில் கருவின் இடர்களை எண்ணிய மரபுக்கு, இங்கே நாள் கணக்கில் எண்ண வேண்டிய இடர் ஒன்று சேர்ந்தது. அம்மருந்து கருவின் உயிரணுக்களில் எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது 2010-ல்தான் ஜப்பானிய ஆய்வாளரால் தெளிவாயிற்று.

சந்தையிலிருந்து நீங்கிய அந்த மருந்தை எருசலேம் மருத்துவர் ஷெஸ்கின் 1964-ல் ஒரு தொழுநோயாளர்க்கு உறக்கத்துக்காகக் கொடுத்தார். நோய்க் கிளர்ச்சியால் காய்ச்சலும் வலியும் செந்நிறக் கட்டிகளுமாகப் பல நாள் துன்புற்ற அவருக்கு ஓரிரு நாளில் எல்லாம் தணிந்தன. இதைச் சோதிக்க உலக நலவாழ்வு நிறுவனம் பல நாட்டு மருத்துவரைக் கூட்டி நடத்திய ஆய்வு 1971-ல் வெளியானது. அதன் ஆசிரியர் வரிசையில் செங்கல்பட்டு நிலையத்து மருத்துவர்கள் சி. ஜி. எஸ். ஐயரும் கே. ராமானுஜமும் இருக்கின்றனர். ஆஸ்பிரினோடு ஒப்பிட்டதில் தாலிடோமைடே மிகுந்த பயன் தந்தது. ஆய்வின் தலைப்பிலேயே ஒரு சொல் இருக்கிறது: ஆண் நோயாளர். பெண்களைச் சேர்க்கவில்லை. சேர்க்காததே அறம், கருவின் பக்கம் நின்ற முடிவு அது. ஆனால் அதே கிளர்ச்சியில் அதே வலியோடு கிடந்த பெண்ணுக்கு அம்மருந்தின் ஆறுதல் கிட்டவில்லை என்பதும் அம்முடிவின் மறுபக்கமே. பிரேசில் நாட்டில் இம்மருந்து தொழுநோய்க்கென்று தொடர்ந்து கொடுக்கப்பட்டு, 1965-க்குப் பின்னரும் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. பரம்பரை நோய் என்று ஊர் அஞ்சிய நோயில், ஊனக் குழந்தை பிறந்தது நோயால் அன்று, மருந்தால்.

விதையின் கேள்வி இத்துடன் முடிந்துவிடவில்லை. நுண்ணுயிரை மூச்சில் வாங்கும் நூற்றுவரில் ஏறத்தாழ தொண்ணூற்றைவருக்கு நோயே வருவதில்லை. உடல் தானே வென்றுவிடுகிறது. எஞ்சிய சிலருக்கு மட்டும் ஏன்? வறுமையும் நெருக்கடியும் காரணம் என்றால், ஒரே குடிசையில் ஒரே கஞ்சியுண்ட உடன்பிறந்தாருள் ஒருவரை மட்டும் அது ஏன் தேர்ந்தெடுக்கிறது? அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் ஊர்களில் வீட்டையும் குருதியையும் பிரித்துப் பார்ப்பது இன்னும் அரிது. அதைப் பிரிக்க வழி தருவது இரட்டையர். கருவின் தொடக்கத்தில் ஒரே சூல் இரண்டாகப் பிளந்து பிறப்பவர் மரபில் ஒருவரே போல்வர். இரு சூல் இரட்டையர் சாதாரண உடன்பிறந்தார் அளவே மரபில் ஒத்தவர். இருவகையாரும் ஒரே வீட்டில் வளர்வர். மாணிக்கவாசகர் முதல் திங்களின் இடராகச் சொன்ன பிளவு, அறிவியலுக்கு ஓர் அளவுகோலாயிற்று. சக்கரவர்த்தியும் செருமானிய மரபியலாளர் ஃபோகலும் இந்தியாவில் 102 இரட்டையரை ஆராய்ந்து 1973-ல் வெளியிட்டனர். ஒரு சூல் இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது. இரு சூல் இரட்டையருள் இருபது. இருவருமே நோயுற்ற இரட்டையர் ஆய்வாளர் கண்ணில் எளிதில் படுவர் என்பதால் இவ்வெண்கள் சற்றே மிகைப்பட்டிருக்கலாம். அதைக் கழித்தாலும், நோய் அல்ல, நோயை எதிர்க்கும் திறனின் ஏற்றத்தாழ்வே கருவில் வருவது என்பது விளங்கும்.

2001-ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் தமிழகத்தைத் தொட்டன. தென்னிந்தியாவில் உடன்பிறந்தார் இருவர்க்கு மேல் நோய் கண்ட குடும்பங்களை ஆராய்ந்து, பத்தாம் குரோமோசோமின் குறுங்கையில் ஒரு பகுதிக்கும் நோய்க்கு இடம்கொடுக்கும் இயல்புக்கும் தொடர்புண்டு என்று கண்டனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் அவ்வாய்வில் பங்கு கொண்டவர். அதே ஆண்டில் தொழுநோய் நுண்ணுயிரின் முழு மரபுத் தொகுதியும் படித்தறியப்பட்டது. அந்த நுண்ணுயிர் முதலில் எடுக்கப்பட்டது தமிழ்நாட்டு நோயாளர் ஒருவரிடமிருந்து. ஆய்வுலகில் அதன் பெயரே தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகள் இரண்டுதாம். ஆய்வுக்கூடக் குடுவையில் வளராத அதனை ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கில் வளர்த்தே ஆராய்ந்தனர். முப்பத்திரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அத்தொகுதியில் வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1600. சிதைந்து பயனற்றுக் கிடப்பவை 1100-க்கு மேல். தலைமுறை தலைமுறையாகச் சிதைவைச் சுமந்து வந்த மரபு நோயாளியுடையதன்று, நுண்ணுயிருடையது.

பிச்சையெடுக்கும் தொழுநோயாளர்க்காக மு. கருணாநிதி அரசு 1971-ல் தொடங்கிய மறுவாழ்வுத் திட்டத்தில் செங்கல்பட்டை அடுத்த பரனூரிலும் ஓர் இல்லம் எழுந்தது. 1980களில் வந்த கூட்டு மருந்து ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோயை முழுதும் நீக்கியது. பத்தாயிரவரில் ஒருவர்க்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-ன் இறுதியில் எட்டியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே.

1955-ல் தில்லியில் நிகழ்ந்தது இந்து திருமணச் சட்டம் நிறைவேறியது. திருமணி நிலையமும் போலம்பாக்கம் மரத்தடியும் தோன்றிய அதே ஆண்டில், கணவனுக்கோ மனைவிக்கோ கொடிய, தீராத தொழுநோய் இருப்பது மணமுறிவுக்குக் காரணமாகலாம் என்று அச்சட்டம் எழுதிற்று. சல்போன் வந்து பத்தாண்டு ஆகும் நேரம் அது. கூட்டு மருந்து வந்தது, இரட்டையர் ஆய்வு வந்தது, மரபுத் தொகுதி வந்தது. சட்டத்தின் அந்தச் சொற்கள் அசையவில்லை. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. இந்து, கிறித்தவ, இசுலாமிய மணச் சட்டங்களிலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மணமுறிவுக் காரணமாக இருந்த தொழுநோய் என்ற சொல்லை நாடாளுமன்றம் 2019-ல் எடுத்துவிட்டது.